அறுந்த காதின் வரலாறு

இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் (மறைவு: ஹிஜ்ரி 204, கி.பி. 820) அருளிய 'அல்உம்மு' என்னும் பெருநூலில், கிஸாஸ் என்னும் பழிக்குப் பழிச் சட்டத்தை விளக்கும் பகுதியில், விந்தையானதொரு வினா எழுப்பப்பட்டிருக்கிறது. ஒருவன் மற்றொருவனுடைய காதை அறுத்து விடுகிறான். அறுபட்டவன் அந்தத் துண்டை எடுத்து, குருதியோடு குருதியாக அதன் பழைய இடத்திலேயே ஒட்டி விடுகிறான். அல்லது ஊசி நூல் கொண்டு தைத்து விடுகிறான். காது கூடி நிலைத்தும் விடுகிறது. இப்போது அவன் அதிகாரியிடம் சென்று பழிக்குப் பழி கோரலாமா? காதுதான் திரும்பக் கிடைத்து விட்டதே என்று அவனது வழக்கைத் தள்ளி விடுவதா?

கோரலாம் என்பதே இமாம் அவர்களின் தீர்ப்பு. காது உடலை விட்டுப் பிரிந்த அந்தக் கணத்திலேயே குற்றம் நிறைவேறி விட்டது. பின்னர் அது கூடியது அறுபட்டவனுடைய முயற்சியின் பயன். அறுத்தவனுக்கு அதில் பங்கில்லை. இமாம் அவர்கள் அதனோடு நிறுத்தவில்லை. பழியாகக் காது அறுக்கப்பட்ட குற்றவாளியும் அவ்வாறே தன் காதை ஒட்டிக் கொண்டால் என்ன செய்வது? சட்டம் ஒரு முறை நிறைவேறி விட்டது. பழியின் பெயரால் மறுமுறை அறுத்தல் கூடாது என்கிறார்கள். பிரிந்த துண்டு செத்த பொருளாயிற்றே, அதை உடலில் ஒட்டி வைத்திருக்கலாமா என்ற மற்றொரு சிக்கலையும் அவ்விடத்திலேயே தொட்டுச் செல்கிறார்கள். பின்னாளில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் (மறைவு: ஹிஜ்ரி 676, கி.பி. 1277) மனித உடலிலிருந்து பிரிந்த உறுப்பு தூய்மையானதே என்ற கருத்தையே சரியானதாகக் கொண்டார்கள்.

திருக்குர்ஆனின் மாயிதா அத்தியாயத்து 45ஆம் வசனத்தில், பழிக்குப் பழிச் சட்டத்தின் கீழ் வரும் உறுப்புகளுள் காதும் பெயர் சுட்டிக் கூறப்பட்டிருப்பதால், சட்ட அறிஞர்கள் காதைப் பற்றி ஆராய்ந்ததில் வியப்பில்லை. வியப்புக்குரியது வேறு. சட்ட நூலார் நடவாத ஒன்றைக் கற்பித்துக் கொண்டு வினாத் தொடுப்பதும் உண்டு என்பதை நாம் அறிவோம். ஆயினும் ஒட்டுதல், தைத்தல், விழுந்த பல்லைப் பொன்னால் கட்டி நிறுத்துதல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பெயர் சொல்லி விளக்கும் அந்த நடை, வெறுங் கற்பனையாகத் தோன்றவில்லை. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் மக்கள் அறுந்த காதை ஒட்ட முயன்றிருக்கிறார்கள். சில வேளைகளில் அது கூடியும் இருக்கிறது. மருத்துவ வரலாறு எழுதுவோர் மருத்துவ நூல்களையே புரட்டுகின்றனர். பிக்ஹு நூல்களையும் புரட்டினால் இத்தகைய சான்றுகள் கிடைக்கும்.

வாளால் அறுபடும் காது என்றும் சிலருக்கே. அணிகலனால் அறுந்த காதுகளோ உலகில் எண்ணிலடங்கா. காதின் மேற்பகுதி முழுவதும் குருத்தெலும்பால் ஆனது. கீழே தொங்கும் மடலில் குருத்தெலும்பு இல்லை. தோலும் கொழுப்புமே உண்டு. ஆதலால் அது எளிதில் துளைபடும், எளிதில் நீளும், எளிதில் கிழியும். குழந்தையின் கை தோட்டைப் பற்றி இழுத்தாலும் போதும். பல்லாண்டுகள் தொங்கிய பொன்னின் பாரமே துளையை மெல்ல மெல்லக் கீழிறக்கி, ஒரு நாள் விளிம்பை அறுத்துக் கொண்டு வெளியேறுவதும் உண்டு. அவ்வாறு கிழிந்த பின் இரு பக்கமும் தனித்தனியே தோல் மூடி ஆறி விடும். அதன் பின் எத்தனை நாள் சேர்த்துக் கட்டி வைத்தாலும் அவை கூடுவதில்லை. தோல் தோலோடு ஒட்டாது. புண் புண்ணோடுதான் ஒட்டும். காது ஒட்டும் கலையின் கரு முழுவதும் இந்த ஒரு செய்தியில் அடங்கி விடுகிறது. உலகில் இக்கலையைக் கண்டவர்கள் எல்லோரும் இதைத்தான் கண்டார்கள்.

பெண்கள் காதணி அணிவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. பெருநாள் திடலில் தருமம் செய்யுமாறு அவர்கள் தூண்டியபோது, பெண்கள் தம் காதணிகளைக் கழற்றிப் பிலால் (ரலி) அவர்கள் விரித்த துணியில் இட்ட செய்தி புகாரியில் வருகிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் உம்மு ஸர்உவின் நெடுங்கதையில், கணவன் தன் காதுகளை அணிகளால் அசைந்தாடச் செய்தான் என்று அப்பெண் பெருமிதம் கொள்கிறாள். இவற்றையெல்லாம் அறிந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (மறைவு: ஹிஜ்ரி 505, கி.பி. 1111), 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் பொன் அணிவதற்காகச் சிறுமியின் காதைத் துளைக்க அனுமதி இருப்பதாகத் தாம் காணவில்லை என்று எழுதினார்கள் என்றால் நம்மில் பலர் திகைப்பார்கள். அது வலி தரும் காயம். இத்தகைய காயத்தை ஒருவன் பிறனுக்கு இழைத்தால் பழிக்குரியவனாவான். தேவையின்றி அதைச் செய்தலாகாது என்பது அவர்களின் வாதம். பிற அறிஞர் பலர் இதை ஏற்கவில்லை. இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் பெண் குழந்தைக்குக் காது குத்துவது ஆகும் என்றே முடிவு செய்தார்கள். நம் கடற்கரை ஊர்களிலோ, உம்மும்மா என்றும் நன்னி என்றும் பெத்தம்மா என்றும் ஊருக்கொரு பெயரால் நாம் அழைத்த மூதாட்டியர் காது மடலோடு நில்லாமல் விளிம்பு நெடுகத் துளையிட்டு, அலுக்கத்தும் வளையங்களும் நிறைத்திருந்தார்கள். இமாம் கஸ்ஸாலியைப் போற்றிப் பயில்வதில் குறை வைக்காத ஊர்கள் அவை. இந்த ஒரு செய்தியில் மட்டும் அவர்களின் சொல் நம் வீட்டு நடுக்கூடத்தைத் தாண்டி உள்ளே போகவில்லை!

காது ஒட்டும் கலையை மிக விரிவாக எழுதி வைத்த பழைய நூல், நம் நாட்டு சுசுருத சம்ஹிதை. கிறிஸ்து பிறப்பதற்கு முன்னும் பின்னுமாகப் பல நூற்றாண்டுகளில் உருப்பெற்ற நூல் அது. அதன் முதற் பகுதியான சூத்திரத்தானத்தின் 16ஆம் அத்தியாயம், காது குத்துதலையும் அறுந்த காதைக் கூட்டுதலையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறது. குழந்தையைச் செவிலியின் மடியில் இருத்தி, விளையாட்டுக் காட்டி, காதை வெயிலுக்கு எதிராகப் பிடித்து, ஒளி ஊடுருவும் மெல்லிய இடம் பார்த்துக் குத்த வேண்டும். ஆணுக்கு வலக்காது முதலில், பெண்ணுக்கு இடக்காது முதலில். பஞ்சுத்திரி இட்டு, மூன்று நாளுக்கொரு முறை திரியின் பருமனைக் கூட்டி வர வேண்டும் என்றெல்லாம் அந்நூல் சொல்கிறது. துளையைப் பெரிதாக்கும் வழக்கம் அன்றே இருந்ததால் கிழிதலும் அன்றே இருந்தது. எனவே குத்துவதைச் சொன்ன கையோடு கூட்டுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

கூட்டும் முறைகள் பதினைந்து என்று அந்நூல் வகைப்படுத்துகிறது. கிழிந்த இரு துண்டுகளில் எது நீளம், எது குறுகல், எது தடிப்பு என்று பார்த்து, அதற்கேற்ப முறையைத் தேர வேண்டும். அவற்றுள் கடைசி ஐந்தும் கை கூடா என்று நூலே ஒப்புக் கொள்கிறது. முடியாததை முடியாது என்று எழுதி வைத்த அந்த நேர்மை பாராட்டத்தக்கது. எந்த முறையாயினும் விளிம்புகளைக் கீறியும் சுரண்டியும் புண்ணாக்கிய பின்னரே சேர்க்க வேண்டும்; சேர்த்த பின் தேனும் நெய்யும் பூசி, பஞ்சும் துணியும் வைத்து, மிக இறுக்கமும் மிகத் தளர்வும் இன்றி நூலால் கட்ட வேண்டும்.

பதினைந்தினுள் 'கண்ட கர்ணம்' என்பதைத் தனியே சொல்ல வேண்டும். கண்டம் என்பது ஈண்டுக் கன்னம். மடல் அடியோடு இல்லாதவனுக்குக் கன்னத்துச் சதையைக் கீறி எடுத்து மடலாக்கும் முறை அது. எடுக்கும் சதை முழுவதுமாக அறுபட்டு விடாமல், ஒரு பக்கம் உடலோடு தொடர்பு கொண்டு, உயிருள்ளதாக இருக்க வேண்டும் என்று அந்நூல் வற்புறுத்துகிறது. தொடர்பு அறாத சதைக்குக் குருதி வந்து கொண்டிருக்கும். ஆதலால் அது புதிய இடத்திலும் பிழைக்கும். குருதியோட்டத்தின் இயக்கத்தை உலகம் அறிவதற்கு நெடுங்காலம் முன்னரே, உயிர்த் தொடர்பு வேண்டும் என்பதை அனுபவத்தால் கண்டிருக்கிறார்கள். புகழ் பெற்ற மூக்குச் சிகிச்சை இதே அத்தியாயத்தின் இறுதியில்தான் வருகிறது. அந்நூலின் வரிசையில் காதே முதல். மூக்கு அதன் பின்னிணைப்பு. உலகமோ மூக்கைக் கொண்டாடிக் காதை மறந்து விட்டது.

இந்த நூல் பக்தாதுக்குச் சென்றது. கலீபா ஹாரூன் ரஷீதின் அமைச்சர் யஹ்யா இப்னு காலித் அல்பர்மகீ, இந்திய மருத்துவரான மன்கா என்பவரைக் கொண்டு ஸுஸ்ருதின் நூலை அரபு மொழியில் விளக்கச் செய்தார் என்றும், அது பத்துப் பகுதிகள் கொண்டது என்றும், மருத்துவமனையில் கைநூலாகப் பயன்பட்டது என்றும் இப்னுந் நதீம் தம் 'பிஹ்ரிஸ்த்' நூலில் (ஹிஜ்ரி 377, கி.பி. 987) குறித்து வைத்தார். பர்மகீ குடும்பத்தின் முன்னோர் பல்க் நகரத்துப் பௌத்த விகாரையின் காப்பாளர்கள். இந்திய அறிவின் மீது அவர்களுக்கிருந்த நாட்டத்திற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். கி.பி. 803இல் அக்குடும்பம் கலீபாவின் சினத்துக்காளாகி வீழ்ந்தது. நூல் வீழவில்லை. கி.பி. 850இல் 'பிர்தவ்ஸுல் ஹிக்மா'வை முடித்த அலீ இப்னு ரப்பான் அத்தபரீ, இறுதிப் பகுதியை இந்திய மருத்துவத்துக்கென்றே ஒதுக்கினார். அபூபக்ர் அர்ராஸியும் ஸுஸ்ருதின் பெயரைச் சுட்டி எடுத்தாண்டார்.

அப்படியாயின் கன்னத்துச் சதையால் காது செய்யும் கலையும் அரபு மருத்துவர் கைக்கு வந்து சேர்ந்ததா? இதைத்தான் நாம் நிதானமாக ஆராய வேண்டும். அறுவை மருத்துவத்தில் முஸ்லிம்களின் தலைமகன் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி. குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்தவர், ஏறத்தாழ கி.பி. 1013இல் மறைந்தவர். முப்பது பகுதிகள் கொண்ட அவரது 'அத்தஸ்ரீப்' நூலின் இறுதிப் பகுதி முழுவதும் அறுவை மருத்துவம் பற்றியது. கருவிகளின் வடிவத்தைப் படமாக வரைந்து காட்டியிருப்பது அதன் தனிச் சிறப்பு. அதில் மூக்கு, உதடு, காது ஆகியவை காயத்தால் பிளவுபட்டால் தைப்பது குறித்து ஓர் அத்தியாயம் உண்டு. இவ்வகைக் குருத்தெலும்புகள் பிளந்தால் சிலருக்கன்றி நன்றாகக் கூடுவதில்லை என்று அவர் முதலிலேயே எச்சரிக்கிறார். காயம் புதியதாக, குருதியோடு இருந்தால் உடனே விளிம்புகளைச் சேர்த்துத் தைக்கலாம். விளிம்புகள் தனித்தனியே ஆறி விட்டிருந்தால் மேல்தோலைச் சுரண்டிக் குருதி கசியச் செய்து, பின்னர் தைத்துக் கட்ட வேண்டும். மேலே குந்திரிக்கப் பொடி முதலியவற்றைத் தூவ வேண்டும்.

இவ்வளவே. கன்னத்துச் சதையை உயிர்த் தொடர்போடு எடுத்து ஒட்டும் முறை ஸஹ்ராவியின் நூலில் இல்லை. ஸஹ்ராவி இந்த அத்தியாயத்தில் பின்பற்றியது இந்திய வழியை அன்று, கிரேக்க வழியை. கி.பி. ஏழாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பவுலுஸ் என்னும் மருத்துவரின் தொகுப்பு நூலில் உதடு, மூக்கு, காது ஆகியவற்றின் குறைகளைச் சரி செய்யும் அத்தியாயம் ஒன்றுண்டு. ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அதை அரபு மொழிக்குக் கொண்டு வந்திருந்தார். காது ஒட்டும் கலையை ஸஹ்ராவியே கண்டுபிடித்தார் என்று நம்மவர் சிலர் மேடையில் முழங்குவதுண்டு. ஸஹ்ராவி அப்படிச் சொல்லவில்லை. முன்னோர் நூல்களைக் கற்றும், தம் கையால் செய்து பார்த்தும் எழுதியதாகவே அவர் சொல்கிறார். அவருக்கு இல்லாத பெருமையை நாம் ஏற்றினால், உள்ள பெருமையும் ஐயத்துக்குள்ளாகும். கையால் செய்து பார்த்து, எது கூடும் எது கூடாது என்று எழுதியதே அவருடைய உண்மையான பெருமை. ஸுஸ்ருதின் ஏடு பக்தாது சென்றது. ஏட்டின் பின்னே நின்ற கை உடன் சென்றதற்கு அடையாளம் இல்லை. அறுவை மருத்துவம் ஆசான் கத்தி பிடிப்பதை மாணவன் அருகில் நின்று பார்த்துக் கற்கும் கலை. மொழிபெயர்ப்பால் மட்டும் அது கடல் கடக்காது போலும்.

கிரேக்க வழிக்கும் முன்னே ரோமாபுரியின் வழி ஒன்று உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் இலத்தீனில் எழுதிய செல்சுஸ், ஆடவர் காதிலுள்ள துளையை அடைக்கும் முறையைக் கூறினார். சிறு துளையாயின் பழுக்கக் காய்ச்சிய ஊசியை அதனுள் விரைவாகச் செலுத்தி எடுத்தால் உட்புறம் புண்ணாகி, பின் தானே கூடி விடும். பாரம் தொங்கிய பெருந்துளையாயின் எஞ்சிய அடிப்பகுதியை அறுத்து, விளிம்புகளைப் புண்ணாக்கித் தைக்க வேண்டும். ரோமாபுரியில் ஆண் மகன் காதில் துளை இருப்பது கீழை நாட்டான் என்பதற்கு அடையாளம்; அடிமையாய் வந்து விடுதலை பெற்றுச் செல்வனானவனையும் அந்தத் துளை காட்டிக் கொடுத்து விடும். இந்தியாவில் மீண்டும் அணி பூணுவதற்காகக் காதைக் கூட்டினார்கள். ரோமாபுரியில் அணி பூண்ட சுவடே தெரியாதிருக்க அடைத்தார்கள்.

அவ்வாறாயின் உடலைத் திருத்துவது ஆகுமா என்ற வினா ஒரு முஸ்லிமின் உள்ளத்தில் எழுவது இயல்பு. அழகுக்காக அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவோரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். அதே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குலாப் போரில் மூக்கிழந்த அர்ஃபஜா (ரலி) என்னும் தோழர் வெள்ளி மூக்குச் செய்து வைத்து அது நாற்றமெடுத்தபோது, பொன்னால் செய்து கொள்ளுமாறு பணித்தார்கள். ஆண்களுக்குப் பொன் விலக்கப்பட்டிருந்தும் இந்த அனுமதி! அபூதாவூத், திர்மிதீ, நஸாஈ ஆகிய நூல்களில் இந்த ஹதீஸ் இடம் பெற்றிருக்கிறது. இழந்ததை மீட்பது வேறு, படைத்ததை மாற்றுவது வேறு என்ற பிரிவினையை அறிஞர்கள் இதைக் கொண்டே நிறுவுகின்றனர். கிழிந்த மடலைத் தைப்பது முதல் வகையைச் சேர்ந்தது என்பதில் தடையிருப்பதாகத் தெரியவில்லை.

ஸஹ்ராவியின் அறுவை நூலைக் கிரிமோனா நகரத்து ஜெரார்டு 12ஆம் நூற்றாண்டில் தொலேதோவில் இலத்தீனாக்கினார். அமாசியா நகரத்து மருத்துவர் ஷரபுத்தீன் சாபுன்ஜுஓக்லு 1465இல் அதைத் தழுவித் துருக்கியில் படங்களோடு எழுதினார். நம் நாட்டுக் கைவழியோ ஏட்டை நம்பாமலே உயிரோடிருந்தது. புனா நகரில் நெற்றித் தோலால் மூக்குச் செய்த செய்தி 1794இல் இலண்டன் இதழொன்றில் வெளியாகி, 1814இல் கார்ப்பியூ என்னும் ஆங்கிலேயர் அதைச் செய்து காட்டினார். ஜெர்மானியரான டீஃபன்பாக் 1845இல் வெளியிட்ட நூலில் காதைச் சீரமைக்கும் முறையும் இடம் பெற்றது.

நம் தமிழகத்தின் தென் மாவட்டங்களுக்கு இக்கதையில் தனியிடம் உண்டு. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் பெண் குழந்தையின் காதைத் துளைத்துப் பஞ்சும் ஓலைச்சுருளும் செருகி, பின் ஈயக் குணுக்கு மாட்டி, மடல் தோளைத் தொடும்படி வளர்த்தார்கள். பாம்படமும் தண்டட்டியும் அந்தக் காதில் ஆடின. நீண்ட காதே அன்று அழகு; வளராத காது குறை. இருபதாம் நூற்றாண்டில் காலம் மாறியபோது அதே நீண்ட காது நாட்டுப்புறத்தின் முத்திரையாகி விட்டது. பள்ளிக்கும் பட்டணத்துக்கும் போன பெண்கள் வெட்கினர். தொங்கிய மடலை அறுத்துக் குறுக்கித் தைத்துக் கொள்ள மருத்துவமனைகளை நாடினர். 'காதை அறுத்து ஒட்டிக் கொண்டாள்' என்பது ஊர்ப் பேச்சாயிற்று. ரோமாபுரியின் விடுதலை பெற்ற அடிமைக்கும் பாம்படம் கழற்றிய பெண்ணுக்கும் இடையே பத்தொன்பது நூற்றாண்டுகள்; இருவரும் மருத்துவனிடம் கேட்டதென்னவோ ஒன்றுதான். அறுத்துத் தைத்துக் கொண்ட அந்தப் பெண்களைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. பழித்த ஊரார் அவர்களுடைய காதைத்தான் பார்த்தார்கள். பட்டணத்தில் அவர்கள் பட்ட ஏளனத்தைப் பார்க்கவில்லை.

இன்று கடைத்தெருக்களில் தையலின்றிக் காது ஓட்டை அடைக்கப்படும் என்ற பலகைகளைக் காணலாம். துளையின் உட்புறத்தில் டிரைக்குளோரோ அசிட்டிக் அமிலம் போன்ற காரத்தைத் தடவிப் புண்ணாக்கி ஒட்ட வைப்பதே பெரும்பாலும் அந்த முறை. செல்சுஸின் பழுக்கக் காய்ச்சிய ஊசிதான் உருமாறி வந்திருக்கிறது. மருத்துவர் கையில் அளவோடு செய்தால், முழுதும் கிழியாத துளைக்கு அது பயன்படும். கல்லாதவர் கையில் அது மடலையே அரித்து விடக் கூடும். விளிம்பு வரை கிழிந்த காதுக்குத் தையலே வழி. மரத்துப் போகும் ஊசி போட்டு, ஆறிய தோலைச் சீவி எடுத்து, விளிம்புகளைப் பொருத்தித் தைப்பார்கள். அன்றே வீடு திரும்பலாம். நேர்க்கோடாகத் தைத்தால் தழும்பு சுருங்கும்போது மடலின் அடியில் சிறு பள்ளம் விழும். ஆதலால் கோணலாகவும் படியாகவும் வெட்டிப் பொருத்தும் முறைகள் வந்துள்ளன. தழும்பு தடித்துக் கட்டியாக வளரும் உடல்வாகு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி விட வேண்டும். ஒரு வாரத்தையொட்டித் தையல் பிரிக்கப்படும். இரண்டு மூன்று மாதங்கள் காதை வெறுமையாக விட்டு, அதன் பின் தழும்பின் மேல் படாமல் சற்றே தள்ளிப் புதிய துளை குத்துவார்கள். தழும்பில் குத்தினால் அது மறுபடியும் கிழியும். அந்தப் புதிய துளையில் பாரமில்லாத சிறு தோடே போதும் என்று மருத்துவர்கள் சொல்லி அனுப்புகிறார்கள்.